குளிர் விடாத புட்டி

ஜூன் 4

பேரன்புள்ள அக்காவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பியின் மேலுதட்டில் மீசை உதயமாகிவிட்டது. விடுதி வார்டன் அதை அழுக்கு என்கிறார். போனையும் பிடுங்கிவிட்டார். ஆகவே இனிக் கடிதம்தான்.

லீவில் உன் லேபுக்கு வந்துபோனதிலிருந்து இங்கே நான்தான் விஞ்ஞானி. ரத்தக்குழாயில் செருகும் டியூபுக்கு அக்கா பூச்சு செய்கிறாள், தண்ணீரோடு ஒட்டி உறவாடும் பாலிமர், உடம்பு அதை அந்நியமாக நினைக்காது என்று அளந்துகொண்டிருக்கிறேன்.

வாலு

ஜூன் 11

வாலுவுக்கு,

மீசைக்கு வாழ்த்து. இங்கே நிலைமை சரியில்லை. பாலிமர் வளரவே மாட்டேன் என்கிறது. சங்கிலியைத் தொடங்கிவைக்கும் இனிஷியேட்டர் செத்துக் கிடக்கிறது. பாலிமருக்குத் தண்ணீர் உறவு, இனிஷியேட்டருக்கோ எமன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த அதன் புட்டியைக் குளிர் விடும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே வியர்த்துவிடும்.

நீ லேபுக்கு வந்த சனிக்கிழமை, புட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டு நான் மீட்டிங்குக்குப் போயிருந்தபோது பக்கத்து மேசைக்காரி அதைத் தொட்டாளா? இல்லவே இல்லை என்கிறாள். விளையாடாமல் சொல்.

அக்கா

ஜூன் 15

அக்கா,

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கொசு பறக்காது. பக்கத்து மேசை அக்கா உன் மேசையைத் தாண்டி ஃப்ரீசர் பக்கம் போனார், வந்தார். “தம்பி, எதையும் தொட்றாதப்பா” என்று எனக்கு உபதேசம் வேறு. மற்றதை நீயே கூட்டிக் கழித்துக்கொள். நான் கையைக் கட்டிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வாலு

ஜூன் 20

தம்பி,

நீ சொன்னதை எங்கள் லேப் தலைவரிடம் சொன்னேன். இந்த மாதத்தோடு அவளை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். “உன் தம்பி பாத்தானா? நெஜமாவா?” என்று மட்டும் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ பார்த்தாய்தானே?

அக்கா

ஜூன் 23

அக்கா,

பார்க்கவில்லை. அவர் ஃப்ரீசருக்குப் போனது ஐஸ் எடுக்க. புட்டியைத் திறந்தது நான்.

நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போனதும் திறந்தேன். வெள்ளையாகப் புகை வந்தது. அழகாக இருந்ததால் இன்னொரு தடவையும் திறந்தேன். உள்பக்கம் முத்து முத்தாக ஈரம். மூடி வைத்துவிட்டேன். கண் எரிந்தது. முகம் கழுவ அழைத்துப் போனது பக்கத்து மேசை அக்காதான். தூசி என்று சொல்லிவிட்டேன், நம்பினார்.

உன் வேலைக்கு ஆபத்து வருமென்று மறைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், நீ திட்டுவாய் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

வார்டனிடம் லீவு கேட்டுவிட்டேன். சனிக்கிழமை வந்து தலைவரிடம் நானே சொல்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். அவர் அறை வாசலில் மட்டும் நில், அக்கா. தனியாக உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி