உன் வண்டியில் நான் ஊற்றிய எண்ணெய்

அண்ணே, இன்று காலை மதினி உன் டீசல் புல்லட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மேலகரத்தில் என் பஜ்ஜிக் கடை வாசலில் இறக்கினாள். பக்கவாட்டில் நீ பொருத்திய சின்ன டேங்கின் மூடியைத் திருகினேன். பழைய பஜ்ஜி எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. நீ தை மாதம் நெஞ்சுவலியில் போனாய், இப்போது ஆடிச் சாரல் அடிக்கிறது. வாடை மட்டும் போகவில்லை.

பெரிய டேங்கில் சிவப்புப் பெயின்டில் உன் பேர் இருக்கிறது. உன் பேர் மட்டும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? செத்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டுமாம். ஊர்க்காரர்கள் பேசட்டும். நான் உன் கூடப்பிறந்தவள்.

யோசனை யாருடையது அண்ணே? டீசல் விலையைச் சொல்லி நீ என் கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தாய். அன்றைக்குக் குற்றாலச் சீசன் கூட்டம். பஜ்ஜி சுட்டுக் கறுத்த எண்ணெய் ஒரு டின் நிறைய மிஞ்சியிருந்தது. இதை ஊற்றி ஓட்டேன் என்று நான்தான் சொன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாள் காலையில் கேனோடு வந்து நின்றாய்.

செம்புக் குழாயைச் சைலன்சரில் சுற்றி எண்ணெயைச் சூடாக்கியது நீ. டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றி மாற்றித் திருப்ப ஒரு பித்தளை வால்வு வைத்ததும் நீ. டீசலில் கிளப்பி, சூடான பிறகு எண்ணெய்க்குத் திருப்பி, நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். எல்லாம் சரி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் மாதம் பூராவும் வண்டி பத்தடி போய் இருமி இருமி நின்றதே, அதற்கு மருந்து கண்டது யார்? காய்ந்த இருப்புச்சட்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சடசடவென்று பொரிந்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னது நான். அதைக் கொதிக்கவைத்துத் தண்ணீரை விரட்டி, மூன்று நாள் தெளியவைத்து, நாலாக மடித்த வேட்டியில் வடித்துத் தந்ததும் நான். அடுப்படியில் இருபது வருஷம் வெந்தவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

ஐந்தருவிக்கு நாம் முதன்முதலாக ஓட்டிப் போனது நினைவிருக்கிறதா? ஈரத்தலையோடு வந்தவர்களெல்லாம் நம் புகை வாடையில் எங்கே பஜ்ஜி போடுகிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டு நாய்கள் நம் பின்னாலேயே ஓடி வந்தன. நான் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். திரும்பி வரும்போது நீ சொன்னாய், "டேங்க்ல ரெண்டு பேரு பேரையும் எழுதிருவோம், ஏட்டி." நான் அதை நம்பினேன்.

பிறகு காலேஜ் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்தார்கள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். நீ அவர்களிடம் சொன்னதை இன்றைக்கும் எழுத்து மாறாமல் சொல்வேன்.

"எல்லாம் நானே தனியா ரோசிச்சுச் செஞ்சது. இவ நம்ம தங்கச்சி. எண்ணெய வடிச்சுக் குடுப்பா, அவ்ளோதான்."

அந்த வாரமே டேங்கில் உன் பேர் ஏறியது. என் பேர் எங்கே என்று கேட்டேன். எடம் பத்தலை என்றாய். அவ்வளவு பெரிய டேங்கில்!

அதனால்தான் செய்தேன். குற்றாலத்தில் கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோகிறேன் என்று நீ குதித்த அன்று, செங்கோட்டை சிப்ஸ் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி உன் சின்ன டேங்கில் ஊற்றினேன். சாரல் காற்றில் நின்றால் அது உறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உனக்கு மூக்கடைப்பு, வாடையும் தெரியவில்லை. மத்தியானம் அத்தனை பேர் முன்னால் டீசலில் வண்டியைக் கிளப்பி, மைக்கில் பெருமையடித்து, எண்ணெய்க்குத் திருப்பினாய். இரண்டு இருமல், நின்றது. கூட்டத்தில் ஒருத்தர் கேட்டாராம், "அண்ணாச்சி, மாவு தீந்துபோச்சோ?"

நனைந்துகொண்டே மேலகரம் வரை தள்ளி வந்தாய். நான் டீ கொடுத்தேன். எண்ணெயில் தண்ணீர் இருந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நாளைக்கே வருவான், நீயில்லாமல் முடியாது ஏட்டி என்று சொல்லுவான், சொல்லவைத்துவிட்டுத்தான் எண்ணெய் தருவேன் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. அதாவது டீ குடிக்க வந்தாய், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாய். இரண்டு சீசன் போனது, பிறகு நீயும் போய்ச்சேர்ந்தாய்.

இன்று வண்டியின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர்களுக்கு நடுவே ஒரு ஊறுகாய்ப் பாட்டில். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்த எண்ணெய். மேலே ஒட்டிய காகிதத்தில் உன் கோணல் எழுத்து: தேங்காய் எண்ணெய். தங்கச்சி ஊத்துனது.

மதினியைப் பார்த்தேன். "அன்னைக்குச் சாயங்காலமே தெரியும் அவியளுக்கு," என்றாள். "செங்கோட்டை வரைக்கும் போயி வாங்கியாந்திருக்கா பாரு சண்டாளின்னு சொல்லிச் சிரிச்சாவ. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாவ."

என்னைக் காப்பாற்றினாயாம். மதினி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது அண்ணே. வண்டி ஓடியது உன்னால். வண்டி நின்றது தண்ணீரால். ஊர்க் கணக்கில் நான் ஓடவைத்ததும் இல்லை, கெடுத்ததும் இல்லை. அந்த ஒன்றையாவது என் பேரில் விட்டுவைத்திருக்கக் கூடாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் கடைக்கு வந்து என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். நான் அழுதிருப்பேன், நீ டீ கேட்டிருப்பாய்.

பாட்டிலைக் கல்லாவுக்கு மேலே வைத்திருக்கிறேன். வெயில் வந்தால் இளகும், சாரல் விழுந்தால் உறையும். யாராவது கேட்டால் நான் செய்த காரியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன டேங்கைக் கழுவி, குழாயைச் சுத்தம் பண்ணி, நம் பழைய எண்ணெயை வடித்து ஊற்றிவிட்டேன். நாளைக்குப் பெயின்டர் வருகிறார். டேங்கில் எவ்வளவு இடம் என்று அளந்து பார்த்துவிட்டேன், தாராளமாக இருக்கிறது. மேலே என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் பேரை அழித்துவிடவா என்று பெயின்டர் கேட்டார். வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு வார்த்தை மட்டும் சேருங்கள் என்றேன்.

உதவி.