ஜீயபுரம் வரை என் ஓட்டம்

7-9-1936, திங்கள்

எங்கள் ரயில்வே பார்சல் ஆபீசில் இன்று ஜீயபுரத்து வாழை இலைக் கட்டுகள் வந்து இறங்கின. மாமனார் தோட்டத்து இலை. ஒரு கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நாரில் இரட்டை முடிச்சு. என் மனைவி பொன்னுத்தாய்தான் அப்படி முடிவாள்.

"என்ன மருதை, இலைக்குக் காய்ச்சலா? நாடி பிடிச்சுப் பாக்குறே?" என்றார் சவரிநாதன். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். ஆடிக்கு மாமனார் வந்து பெண்ணை அழைத்துப் போனார். புதுப் பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஆவணியும் முடியப் போகிறது, அவள் வரவில்லை.

"கூட்டிட்டுப் போனவங்கதான் கொண்டாந்து விடணும்" என்கிறாள் அம்மா. "மாப்பிள்ளை என் வாசலுக்கு வந்து அழைக்கட்டும்" என்கிறாராம் மாமனார். இரண்டு பேரின் மரியாதையும் பத்திரமாக இருக்கிறது. நடுவில் நான்தான் காய்கிறேன்.

11-9-1936

ராத்திரி சோறு இன்றும் மிஞ்சியது. அம்மாவுக்குக் கையளவு தப்பாதே! கேட்டதற்கு, "தண்ணி ஊத்தி வச்சா காலையில ஆகுது" என்றாள்.

14-9-1936

ஸ்ரீரங்கத்து வாலிபர்கள் ராத்திரி ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை குளித்தலையில் கிளம்பி, காவிரிக் கரை ரோட்டோடு வந்து, ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் முடிய வேண்டும். அணிக்கு நாலு பேர். ஒருவன் தன் பங்கை ஓடி முடித்து அடுத்தவன் கையில் கோலைக் கொடுக்க வேண்டும். ராத்திரி என்றால் வெயிலும் இல்லை, மாட்டு வண்டித் தொல்லையும் இல்லை.

எங்கள் ஆபீஸ் அணியில் சவரிநாதன், நான், சேக் மைதீன், அழகிரி. யாருக்கு எந்தப் பங்கு என்று பேச்சு வந்ததும், "பெட்டவாய்த்தலையிலிருந்து ஜீயபுரம் வரைக்கும் நான்" என்று முந்திக்கொண்டேன். மாமனார் வீடு அந்த ரோட்டின் மேலேயே இருக்கிறது, ஜீயபுரம் ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன்னால். எல்லாருக்கும் தெரியும்.

யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

17-9-1936, வியாழன்

அம்மா கேட்டாள்: "எந்தப் பக்கமா ஓடப் போற?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

"அங்க வர்றப்ப எத்தனை மணி ஆகும்?"

"நடுராத்திரி தாண்டிடும்மா."

"ஓடுறதோட இரு. அந்த வாசல்படியை மிதிச்சேன்னா, நான் வையம்பட்டிக்கு எங்கண்ணன் வீட்டுக்கே போயிடுவேன். சொல்லிட்டேன்."

அதற்குள் வெற்றிலைக்காரி பாப்பாயி ஜீயபுரத்திலிருந்து கூடையோடு வந்து சேர்ந்ததால் தப்பித்தேன். மீசை வளர்த்து என்ன பிரயோசனம்? ஜீயபுரம் ஒன்பதே மைல். டிக்கெட் கூட வாங்க வேண்டாம், ரயில் கார்டு நமக்கு வேண்டியவர். ரயிலேறிப் போய், 'வா' என்று சொல்ல ஏன் முடியவில்லை எனக்கு?

அப்பா போனபின் தனி ஆளாக என்னை வளர்த்தவள். அவளை மீறி ஒரு வாசல் ஏற என் கால் எழவில்லை.

26-9-1936

பார்க்கணும் போல இருக்கு. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

2-10-1936

இன்று கடைசிப் பயிற்சி. உறையூர் வரை ஓடித் திரும்பினோம். சேக் மைதீன் என்னைத் தனியாக அழைத்தான். ஜீயபுரம் ஸ்டேஷன் வாசலில் என்னிடம் கோலை வாங்க வேண்டியவன் அவன்.

"மருதை, கோல் என் கைக்கு வர்ற வரைக்கும் உனக்குப் பொண்டாட்டியும் கிடையாது, மாமனாரும் கிடையாது. நின்னுடாதே. சரியா?"

சரி என்றேன். தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் ஓடுவதே அவளுக்குத் தெரியாது. மாமனார் வீட்டுச் சுவரைத் தாண்டும்போது ஒரு தரம் இருமலாம். இருமல் நிற்பதில் சேராது அல்லவா?

4-10-1936, ஞாயிறு

தோற்றுவிட்டோம். என்னால்தான்.

சவரிநாதன் கோலை என் கையில் வைத்தபோது நாங்கள்தான் முதல். ஸ்ரீரங்கத்து ஆள் ரொம்பப் பின்னால் இருந்தான். நல்ல நிலா. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தமும் என் காலடிச் சத்தமும்தான். இளமனூர் தாண்டியபோது கால் வலியே தெரியவில்லை. இருமுவதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டே வந்தேன்.

மாமனார் வீட்டு வாசலில் விளக்கு இருந்தது. பக்கத்தில் செம்போடு அவள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை, கால் தானே நின்றது. செம்பை நீட்டினாள். நீர்மோர், இஞ்சி தட்டிப் போட்டது. படியை மிதிக்காமல் ரோட்டில் நின்றபடியே முழுச் செம்பையும் குடித்தேன். எத்தனையோ சொல்ல வைத்திருந்தவன் காலிச் செம்பைத்தான் நீட்டினேன். மாமனார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க! பின்னாடி வந்துட்டான், ஓடுங்க!" என்று அவள்தான் கத்தினாள்.

வயிறு முட்ட மோரைக் குடித்துவிட்டு எங்கே ஓடுவது? விலாவில் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வாசலுக்கு முன்னாலேயே ஸ்ரீரங்கத்தான் என்னைத் தாண்டினான். சேக் மைதீன் என் வாயைப் பார்த்தான். மீசையில் மோர். கோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவனும் அழகிரியும் உயிரைக் கொடுத்து ஓடியும் எட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "வாசல்படி மிதிச்சியா?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன்.

8-10-1936

சேக் மைதீன் இன்னும் பேசவில்லை. என் மேஜையில் யாரோ ஒரு டம்ளர் மோர் வைத்திருந்தார்கள்.

13-10-1936

இலைக் கட்டு வந்தது. ஒற்றை முடிச்சு. அவளுக்கு உடம்பு சரியில்லையோ? ராத்திரிப் பனியில் நின்றாளே. யாரிடம் கேட்பேன்?

19-10-1936, திங்கள்

வேலை முடிந்து வந்தபோது வாசலில் மாமனார் செருப்பு. உள்ளே பெட்டி, வாழைத்தார், அவள்.

"மாப்பிள்ளை ராத்திரியில என் வாசலுக்கே வந்து மோர் வாங்கிக் குடிச்சாரு. இதுக்கு மேல என்ன அழைக்கணும்? ஐப்பசி பிறக்கட்டும்னுதான் இருந்தேன். அவ பெட்டி கட்டுற மும்முரத்துல, இலைக் கட்டைக்கூட நான்தான் முடிஞ்சேன்" என்றார் மாமனார்.

"அவன் எங்க அழைக்க வந்தான்? பந்தயத்துல ஓடினான். நீங்கதான் கொண்டாந்து விட்டிருக்கீங்க, முறைப்படி" என்றாள் அம்மா.

இரண்டு பேருமே ஜெயித்த முகத்தோடு காபி குடித்தார்கள். தலை தீபாவளிக்கு வரச்சொல்லி அழைத்துவிட்டு மாமனார் கிளம்பினார்.

பிறகு பொன்னுத்தாயிடம், "நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தைதான் பாப்பாயிகிட்டச் சொல்லி அனுப்பினாங்க. நடுராத்திரி தாண்டி வருவான், தொண்டை காய்ஞ்சு வருவான், வாசல்ல மோரோட நில்லுன்னு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க."

சாப்பிடும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "என்னடா பாக்குற, சோத்தைத் தின்னு" என்றாள்.

இன்று சோறு மிஞ்சவில்லை.