பெயருக்குப் பக்கத்தில் வீட்டு எண்

அக்கரப்பத்தனை
12-8-1937

சங்கத் தலைவி அவர்களுக்கு,

தோழி என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு டாக்டர் கேட்ட நம் மனு வென்றுவிட்டதாம். அடுத்த தோட்டத்திலும் கைநாட்டு வாங்க வேண்டுமாம். டாக்டர் வந்தது உண்மைதான். போன வாரம் ஒரு குழந்தையைக் காய்ச்சலிலிருந்து மீட்டார். அதை மறைக்கமாட்டேன்.

"வெரல் வச்சாப் போதும்ங்களா டீச்சரம்மா? டாக்டரு வந்திருவாரா?" என்று முதலில் கை நீட்டியவள் பரிமளம், எட்டு மாதக் கர்ப்பிணி. மனு ஒழுங்காக இருக்க வேண்டுமென்றாய். ஒவ்வொரு கைநாட்டின் பக்கத்திலும் பெயரும், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வீட்டு எண்ணும் நான்தான் எழுதினேன், கல்லூரியில் பரிசு வாங்கிய அதே கையெழுத்தில்.

நீ மனுவைக் கொடுத்த அரசாங்கக் கந்தோரின் அதிகாரிகள், விசாரிக்கச் சொல்லி அதைத் தோட்டத்துத் துரைக்கே அனுப்பினார்கள். துரையின் ஆட்கள் எண் பார்த்து, ஒன்பது குடும்பங்களுக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டு கொடுத்து லயத்திலிருந்து வெளியேற்றினார்கள். பரிமளத்துக்கு அட்டன் ரயில் ஸ்டேஷனில் பிரசவம். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை.

"டாக்டரு வந்துட்டாருங்களா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

அடுத்த தோட்டத்துக்கும் மனு எழுதிவிட்டேன், அங்கேயும் காய்ச்சல். இதில் கைநாட்டு இல்லை. இரண்டே பெயர்கள்: என்னுடையது, உன்னுடையது. உன் பெயருக்குப் பக்கத்தில் உன் கொழும்பு வீட்டு எண்ணையும் எழுதியிருக்கிறேன். கையொப்பமிட்டு நீயே கொண்டுபோய்க் கொடு.

கல்லூரி விடுதியில் உன் பக்கத்துக் கட்டில்காரி