எட்டு சிலிண்டரும் நம் வள்ளத்தின் பின்பலகையும்

மரியே வாழ்க

குளச்சல்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லிஜோவுக்கு அம்மா எழுதுவது,

சார்ஜாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்று மாதாவை நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் உன் தங்கை பெபிஷாவும் சுகம். உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, முகம்தான் பத்து நாளாக வாடிக் கிடக்கிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தால் இரண்டாவது தட்டு கேட்கிற மனிதர் இப்போது பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போகிறார். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே மக்கா, போனில் பேசலாம் என்றால் அவர் பக்கத்திலேயே இருப்பார், வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் பெபிஷா அதை வீடு முழுக்கக் கேட்கும்படி போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டு குமாரதாஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறான் என்றதும், நெத்திலிக் கருவாட்டுக்கும் முந்திரிக்கொத்துக்கும் நடுவே இதையும் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று பெபிஷாவின் நோட்டில் நான்கு தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன். கருவாட்டு வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

நீ வாங்கியிருக்கும் அந்தச் சிவப்புக் காரைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெண் பார்க்கலாம் என்று நான் அனுப்பிய போட்டோக்களை ஒருநாள் திறந்து பார்த்திருப்பாயா, ஆனால் பழைய சாமான் யார்டில் கிடந்த இரண்டு எஞ்சினை முன்னும் பின்னும் மேலும் கீழும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். இரண்டு பேர் உட்காரும் கார், அதன் எஞ்சின் சூடேறி இறுகிப் போய்விட்டது, அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று உன் அப்பாவிடம் கேட்டாய். அதே மாதிரி நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று, வேறொரு பெரிய காரில் இருந்து இறக்கிய எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று. உன் ஆசை எட்டின் மேல்தான் என்பது எனக்கே புரிந்தது, வள்ளத்து எஞ்சினோடே கிடக்கும் அவருக்குப் புரியாதா? ஆனாலும் நாலையே போடு மக்கா, அந்த வண்டி அதுக்கு செஞ்ச வண்டி என்றார். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். ‘இருபத்தஞ்சு ஜானுக்கிட்டப் போயி எஞ்சின் காரியம் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்’ என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன், பெபிஷாவும் கேட்டாள். அவர் போனை என் கையில் தந்துவிட்டு, வலை கிடக்குது என்று வெளியே போய்விட்டார். அன்றைக்கு வலையில் ஒரு வேலையும் இல்லை.

ஊர்க்காரன் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே போவார். பதினாலு வருசமாக அப்படித்தான் போகிறார். நம் கடற்கரையில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது ஞானஸ்நானப் பெயரைவிட உறுதியாக ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளையும் விடாது. ஏழாம் வகுப்பில் உன்னை ‘இருபத்தஞ்சுக்க மவன்’ என்று கூப்பிட்ட பையனின் மூக்கை உடைத்துவிட்டு வந்தாயே, அன்றிலிருந்து உனக்கு உன் அப்பாவின் மேல் ஒரு கசப்பு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். மரியஜானுக்கு எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, சின்ன வள்ளத்தில் இருபத்தஞ்சு எச்பி எஞ்சினை மாட்டிக் கடலில் ஆள் சாகப் பார்த்தான், இதுதான் ஊர் சொல்லும் கதை. நீயும் அதைத்தான் கேட்டு வளர்ந்தாய். லிஜோ, அந்த எஞ்சினை வாங்க வைத்தது நான். எழுதிவிட்டேன்.

அந்த வருசம் சாளை மீனுக்கு நல்ல பாடு. எங்கே பார்த்தாலும் சாளை. ஏலத்துக்கு முதலில் கரை பிடிக்கிற வள்ளத்துக்குத்தான் விலை, பிந்தி வந்தால் கருவாட்டுக்குக்கூட ஆள் நிற்காது. தினமும் ஜஸ்டஸின் வள்ளம் முதலில் வந்து விழும், நம் வள்ளம் பத்து எச்பி எஞ்சினை வைத்துக்கொண்டு இருமிக்கொண்டே பின்னால் வரும். கூடையோடு கரையில் நின்று நின்று எனக்கு வயிறு எரிந்தது. ஜஸ்டஸின் வீட்டுக்காரி என்னைப் பார்த்து ஒருநாள் சிரித்தாள், அவள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம், எனக்கு அது போதுமாக இருந்தது. இருபத்தஞ்சு வாங்கியே ஆகவேண்டும் என்று வீட்டில் நின்றேன். உன் அப்பா பொறுமையாகச் சொன்னார். ‘எஞ்சின் நல்லதுதான் இசபெல், அத மாட்டுத பின்பலகை தாங்காது. பலகைய மாத்தி, கீழ கட்டை வச்சு உறப்பிச்சிட்டுப் போடுவோம், ஒரு மாசம் பொறு’ என்றார். ஒரு மாசத்தில் சாளை போய்விடும் என்றேன். உங்களுக்குப் பயமாக இருந்தால் ஜஸ்டஸ் வள்ளத்துக்குக் கூலிக்குப் போங்க என்றும் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் போய் இருபத்தஞ்சை வாங்கி வந்தார். பங்குச் சாமியார் வந்து எஞ்சினை மந்திரித்தார், சாம்பிராணி போட்டோம், உன் அப்பா அதைப் பழைய பலகையிலேயே மாட்டினார்.

ஐந்து நாள் நாம்தான் முதலில் வந்தோம், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஆறாம் நாள் முட்டம் கரைக்கு நேரே வரும்போது பலகை பிளந்து தண்ணீர் ஏறிவிட்டது. பிடித்த சாளை முழுவதையும் கடலில் தள்ளி, எஞ்சினையும் விட்டுவிட்டு, வள்ளத்தில் இருந்த மூன்று பேரும் தண்ணீரை இறைத்துக்கொண்டு கிடந்தார்களாம். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறாய், ஜஸ்டஸ்தான். கரையில் ஊரே கூடி நின்றது. ‘உனக்கு இந்தப் புத்தியத் தந்தது யாருடே’ என்று ஜஸ்டஸ் சத்தம் போட்டார். நான் நான்கடி தள்ளித்தான் நின்றேன். உன் அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். ‘எனக்க புத்திதான், வேற யாருக்க புத்தி’ என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு விழுந்த பெயர் அது. வீட்டுக்கு வந்தும் ஒரு சொல் என்னைக் குறை சொன்னதில்லை, இன்றுவரை இல்லை. உன் முன்னால் அவரை அந்தப் பெயரோடு இருக்கவிட்டேனே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது உன் கார் விசயத்துக்கு வருகிறேன். நீ அன்று போனை வைத்தபிறகு மூன்றாம் நாள், நம் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் சும்மா என்றார். பெபிஷாவிடம் கேட்டேன். நீ டேப் வைத்து அளந்து அனுப்பிய படங்களை அவளை எடுக்கச் சொல்லி, உன் காரில் எஞ்சின் உட்காரும் இடத்தை அதே அளவில் தரையில் வரைந்திருக்கிறார். பிறகு மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டிகளை அறுத்து ஒட்டி, அந்த எட்டு சிலிண்டரைப் போலவே ஒன்று செய்துவிட்டார், பார்க்க ஒரு பெரிய பன்றிக்குட்டி படுத்திருப்பதுபோல் இருக்கிறது. அதைக் கோட்டுக்குள் வைப்பதும் நகர்த்துவதும் குனிந்து பார்ப்பதுமாக நாலு சாயங்காலம் போனது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து அவராகவே சொன்னார். ‘கொள்ளாம், எட்டு உள்ள உக்காரும். இடதுபக்கம் ஸ்டியரிங் கம்பியில ரெண்டு விரல் முட்டும், ஒரு சாண் பின்னால தள்ளி உக்கார வைக்கணும். ஆனா அந்த வண்டிக்க பிரேக்கு இதுக்குப் போதாது. முதல்ல பிரேக்கு, பொறவு எஞ்சின்’ என்றார். அன்றைக்குப் பலகையைப் பற்றிச் சொன்னதும் இதே பேச்சுதான் மக்கா, அன்றைக்கு நான் கேட்கவில்லை. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்களேன் என்றேன். ‘அவன் கேக்கட்டு. கேட்டா சொல்லுதேன்’ என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் நீ கேள். யார்டுக்காரன் மாசக் கடைசிவரைதான் அந்த எஞ்சினை வைத்திருப்பான் என்று சொன்னாய், அதற்காக அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. அந்த நாட்டில் எஞ்சினை மாற்றினால் அனுமதி வாங்க வேண்டுமாம், குமாரதாஸ் சொன்னான், அதையும் விசாரி. நாலோ எட்டோ எனக்கு ஒன்றுதான், நீ முழுசாக வீடு வந்து சேர வேண்டும். கூப்பிட்டதும் மன்னிப்பு, அழுகை என்று ஆரம்பிக்காதே, அவருக்கு அது பிடிக்காது, எழுந்து போய்விடுவார். ஸ்டியரிங் கம்பி முட்டுமா அப்பா என்று மட்டும் கேள், மீதியை அவர் பேசுவார், நீ ரீசார்ஜ் செய்து வைத்துக்கொள். நான் எழுதியது தெரிந்தால் என்மேல் கோபப்படுவார், படட்டும், ஊருக்கு நான் பிறகு சொல்லிக்கொள்கிறேன், முதலில் உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ராத்திரி ஜெபமாலையில் உன் பெயர் சொல்லாத நாள் இல்லை. மாதா உன் தலைமாட்டில் நிற்பாள், எந்த ஆபத்தும் உன்னை அண்டாது. தலைக்கு எண்ணெய் வை, அந்த வெயிலில் முடி கொட்டிவிடும். கருவாட்டை டப்பாவில் மாற்றி மூடி வை, அறையில் இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். இடவப்பாதி மழை தொடங்கப் போகிறது, தெர்மோகோல் எஞ்சினை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன், பின்முற்றம் பெருக்கும்போது சாக்பீஸ் கோட்டில் விளக்குமாறு படாமல் பெருக்குகிறேன், மழையை மட்டும் என்னால் நிறுத்த முடியாது. அதற்குள் அப்பாவைக் கூப்பிடு.

முத்தங்களுடன்
உன் அம்மா
இருபத்தஞ்சு இசபெல்