உப்புத் தண்ணீரில் அலசிய துணி

பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து தேசப்பன், நாகப்பட்டினத்தில் ஒல்லாந்துத் துரை வீட்டில் இருக்கும் என் மனைவி தனக்கோடிக்குச் சொல்லி எழுதுவித்தது. நானும் உன் பிள்ளையும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நன்றாகவே இருக்கிறாய் என்று உன்னைக் கொண்டுபோய் விட்ட வண்டிக்கார ராஜவேலு திரும்பி வந்து சொல்லிவிட்டான். கோட்டையில் கணக்கெழுதும் மாசிலாமணிதான் இந்த ஓலையை எழுதித் தருகிறார். அவர் முன்னால் இதையெல்லாம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் பிள்ளை சமாசாரம். பால் பக்கத்து வீட்டு எல்லம்மா கொடுக்கிறாள், தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், நம் பிள்ளைக்கு ஒரு பக்கம். துணி மாற்றுவது நான். இரண்டு பிள்ளைகளின் மூத்திரத் துணியையும் அவள் ஒருத்தியால் கட்டி மாளாது. இவனைத் தொட்டுத் தூக்க எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது. என் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன். ஒரு கையால் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, மறுகையால் ஈரத்தை உருவ வேண்டும். அதற்குள் என் மார்பு முழுக்கப் பெய்துவிடுவான். துணிகளைத் துடுப்பில் காயப்போட்டால், இன்னா தேசப்பா, புதுப் பாய் ஏத்திக்கினியானு என்னோடு வலை இழுக்கும் சின்னப்பன் கேலி பேசுகிறான்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். துணிகளை ஏரியிலேயே அலசிக் காயப்போட்டு வந்தேன். வலையை அங்கேதானே அலசுகிறோம் என்ற நினைப்பு. பிள்ளைக்குத் தொடையிடுக்கு சிவந்து, தோல் உரிந்து, கிடந்து அலறினான். என்னவென்று தெரியாமல் நான் முழித்தேன். எல்லம்மா காய்ந்த துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். உப்புப் பூத்திருந்தது. புள்ளைய வளக்கறியா, கருவாடு போடறியானு என் முகத்திலேயே எறிந்தாள். இப்போது நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து நானே குடம் சுமந்து வந்து துவைக்கிறேன். எண்ணெய் தடவிப் புண் ஆறிவிட்டது. நீ பயப்படாதே.

ராஜவேலு சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. துரைசானியின் குழந்தைக்குச் சன்னமான வெள்ளைத் துணியை அடுக்கடுக்காகச் சுற்றுகிறார்களாம். சுற்றட்டும். நம் ஊர்த் தறியில் நெய்ததுதானே. ஆனால் நீ அதன் ஈரத் துணியை அவிழ்த்ததும் தொப்புளில் வாய் வைத்து ஊதினாயாம். அது காலை உதைத்துச் சிரித்ததாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்த அன்று நீ செய்தது அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பால் கொடு, துணி மாற்று, அதற்குத்தான் அரிசி தருகிறார்கள். ஊதவும் சொன்னார்களா?

பல் முளைக்காத குழந்தையோடு போட்டி போடுகிறானே என்று மாசிலாமணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும். ஓர் ஆண்பிள்ளை உன்னைப் பார்த்துச் சிரித்தான் என்றால் போய் இரண்டு வைத்துவிட்டு வருவேன். இந்தப் பயலை நான் என்ன செய்ய முடியும்?

நானும் நம் பிள்ளைக்கு ஊதிப் பார்த்தேன். மீசை குத்தி அழுதான். எல்லம்மா குரல் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புகிறான். அதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அது நீ பட வேண்டிய எரிச்சல். உனக்கும் சேர்த்து நானே படுகிறேன்.

தை பிறந்ததும் துரைசானி இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறாளாம். உன்னையும் வரச் சொன்னாளாம். அப்போதும் நீ அந்தக் குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாயாம். தனக்கோடி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடி மீன் இல்லாமல் போன மாதத்தில், துரைசானிக்குப் பால் இல்லை, வருகிறவள் தன் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்று கோட்டையில் சொன்னார்கள். அரிசிக்காக நாம் இருவரும் பேசித்தான் ஒத்துக்கொண்டோம். இந்த மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டுவிட்டது. இறால் கூடை கூடையாக விழுகிறது. இனி அரிசிக்காக நீ அங்கே இருக்க வேண்டாம். வேறு எதற்காவது இருக்கிறாய் என்றால் அதையும் சொல்லி அனுப்பு. இந்த ஓலையைக் கொண்டுவருவது ராஜவேலுதான். அவன் வண்டியிலேயே ஏறி வந்துவிடு. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

வழியில் அங்காளம்மன் உனக்குத் துணை இருப்பாள். அந்தக் குழந்தையை நான் சபிக்க மாட்டேன். நம் பிள்ளையின் பாலைக் குடித்த வாய் அது, நன்றாக இருக்கட்டும். சீக்கிரம் வளர்ந்து, துணி மாற்ற ஆள் வேண்டாதபடி ஓடியாடட்டும். நம் பிள்ளை மட்டும் நீ வந்து சேரும்வரை வளராமல் இப்படியே கிடக்கட்டும். தகப்பன் வாயால் சொல்லக் கூடாதது, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்
தேசப்பன்