எண்ணெய்க்கு அடியில் இருந்தவை

இன்று காலை பாரோயில் நான் இருக்கும் வீட்டுச் சந்தில் கொசுப்புகை அடித்துவிட்டுப் போனார்கள். சன்னலைச் சாத்தியும் அதில் கலந்த எண்ணெயின் வாடை சமையலறை வரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் வாடை வந்தால் எனக்கு உங்கள் நினைவு வந்துவிடும்.

ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் நாம் குடித்தனம் தொடங்கிய புதிது. நீங்கள் எஸ்டேட் லாரி ஓட்டினீர்கள். நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். ஒரே உயிரணு கொண்ட நுண்ணுயிர்களைக் கரும்பலகையில் படமாக வரைந்துதான் காட்டிவந்தேன். ஊரிலிருந்த இடைநிலைப்பள்ளி ஒரே ஒரு நாளைக்கு நுண்ணோக்கியை இரவல் தருவதாகச் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குட்டைச் சேறும் தண்ணீரும் காய்ந்த லாலாங் புல்லும் போட்டு, ஊறுகாய் பாட்டிலில் பின்வாசலில் ஊறவைத்தேன். ஒரு வாரம் போனதும் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வெள்ளைத் தூசு போல ஏதோ ஏறி இறங்கியது. பரமீசியம்தான். புல் அழுகினால் பாக்டீரியா பெருகும். அதைத் தின்ன இவை வரும். புதுத் தோட்டம் திறந்தால் முதலில் காடு வெட்டுகிறவர்களும் அவர்கள் பின்னால் சாப்பாட்டுக் கடைக்காரரும் வருவது மாதிரி.

நான் சிரம்பானில் பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது பாட்டிலின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். தூசு எதுவும் அசையவில்லை. மறுநாள் நுண்ணோக்கி வருகிறது.

“ஏங்க, இதுல என்னத்த ஊத்துனீங்க?”

“மண்ணெண்ணெய்தான், டீச்சர். தண்ணி நின்னுபோய் நாறுச்சு. கொசு முட்ட வச்சிருக்கும்ல?”

“அது பிள்ளைங்களுக்காக வளத்தது.”

“கொசுவையா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உங்கள் மீது கோபப்படவும் முடியவில்லை. மலேரியாக் காலத்தில் கால்வாய் கால்வாயாக எண்ணெய் தெளிப்பது உங்கள் அப்பாவின் வேலை. தேங்கிய தண்ணீரைக் கண்டால் எண்ணெய் விடுவது உங்கள் வீட்டில் கைகால் கழுவுவதைப் போல ஊறிப்போன பழக்கம்.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனீர்கள். நேராகப் பள்ளிக்கே வந்து ஒரு போத்தலை நீட்டினீர்கள். மேட்டுப்பக்கம் பாறைக்கு நடுவே ஓடும் ஆற்றுத் தண்ணீர். கண்ணாடி போல இருந்தது. இருப்பதிலேயே சுத்தமானதாகப் பார்த்துப் பிடித்தேன் என்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்து, சுத்தமாக ஓடும் தண்ணீரில் அவற்றுக்குத் தீனி குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

“ஒண்ணுமே இல்லலா, டீச்சர்.”

மதியம் நுண்ணோக்கியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதை விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்போது கிடைக்குமோ. வேறு வழியில்லாமல், கொட்ட மனமின்றிக் கொண்டுவந்திருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்து, படலத்தைக் கடந்து அடிச்சேறு வரை இறக்கி, ஒரு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் எடுத்தேன். முதலில் எல்லாம் குப்பையாகத் தெரிந்தது. பிறகு அந்தக் குப்பைக்குள்ளிருந்து ஒன்று மெதுவாகப் புரண்டு வந்தது. உடம்பே திருகிக்கொண்ட மாதிரி. அதன் பின்னால் இன்னொன்று.

முன்வரிசைப் பெண் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. “டீச்சர், முறுக்கு ஒண்ணு நீந்துது.”

அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. காற்று எட்டாத சேற்றிலேயே வாழும் உயிர்கள் அவை என்று விளக்கினேன். ஒரே பாட்டிலுக்குள்ளும் இடத்துக்கு இடம் குடித்தனம் மாறும். வெயில் படும் இடத்தில் பச்சை நிறத்தவை, புல் அழுகும் இடத்தில் பரமீசியம், அடியில் இவை. எண்ணெய் காற்றை மறித்ததும் மேலே இருந்தவை மடிந்தன. இவை எப்போதும் அங்கேயே இருந்திருக்கின்றன. நான்தான் மேல்தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளெல்லாம் பார்த்து முடித்ததும் வாசலில் நின்ற உங்களைக் கூப்பிட்டேன். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தீர்கள். வெகுநேரம் நிமிரவில்லை.

“எங்கப்பா எத்தன கால்வாய்ல ஊத்திருப்பாரு,” என்றீர்கள். “அடியில இப்படி ஆளுங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாதுல்ல, டீச்சர்.”

மண்ணெண்ணெய்ப் பழக்கம் அன்றோடு போகவில்லை. கொசு கொசுதான் என்பீர்கள். ஆனால் ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. லாரி கழுவிய பள்ளமோ, மழை நின்ற வாளியோ, குனிந்து பார்த்து, “ஆளு இருக்கா?” என்று என்னைக் கேட்பீர்கள். தம்பின் நகரம் வரை லோடு போனால் அங்கிருந்து ஒரு போத்தல் தண்ணீர் வரும். அந்த நுண்ணோக்கி மறுபடி நம்மிடம் வரவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நானாக ஒரு பதில் சொல்வேன். அதை நம்பி, கொட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வீர்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் படத்தின் முன்னால் சின்னக் குவளையில் பூ வைக்கிறேன். இரண்டொரு நாளில் தண்ணீர் கலங்கிவிடும். மகள் வந்தால் அதை எடுத்துத் தொட்டியில் கொட்டப் போவாள். நான் வாங்கிக்கொண்டு சன்னலருகே போய்த் தூக்கிப் பிடிக்கிறேன். என் கண்ணில் இப்போது புரை. தூசு எது, உயிர் எது என்று தெரிவதில்லை.

இருந்தாலும், ஆளு இருக்கா என்று கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். இருக்கு என்று சொல்லி, வாழையடியில் மெதுவாகச் சாய்த்துவிட்டு வருகிறேன்.