நாலாவது கோப்பை

வெள்ளவத்தை
03.02.2025

என் அன்பு அக்கா,

என் சின்னவன் சுமனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். அவன் அழுதால் எனக்கும் அழுகை வருகிறது. மகள் நிலூபரோடு இங்கே வருவீர்கள் என்று கட்டில் வாங்கி, புது விரிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். அத்தான் காலமானபடியால், அங்கத்தைச் சட்டப்படி அவருடைய தகப்பன் சம்மதித்தால்தான் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டாமே! பெற்றவளின் கையெழுத்துக்கு மதிப்பில்லையா? ஆனாலும் பாஸ்போர்ட் கந்தோரில் சத்தம் போடாதேங்கோ. தலையைக் குனிந்து வேலையை முடியுங்கோ. எனக்குப் பயம்.

உங்கள் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி,
சுபோதினி

தெஹ்ரான்
21.02.2025

சுபோக் குஞ்சு,

இணையம் அடிக்கடி அறுகிறது. தேயிலை வாங்கக் கொழும்புக்கு வருகிறவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

குனிந்து குனிந்து கழுத்து நொந்துவிட்டதடி. மாமா கையெழுத்து வைத்தார். "ஆள் நேரில் வரவேண்டும்" என்றார்கள். படுக்கையில் கிடந்த மனிசனைக் கதிரையோடு தூக்கிப் போனோம். "நாளைக்கு வாங்கோ." இப்படி ஐந்து நாளைக்கு!

ஆறாம் நாள் மச்சாள் மஹ்னாஸ் கந்தோர் நடையிலேயே பூத்துணியை விரித்து, ரொட்டி வைத்து, தேத்தண்ணி ஊற்றினாள். இங்கத்தைச் சனம் பூங்காவில் இப்படி விரித்துச் சாப்பிடுகிறதுதான், கந்தோரில் அன்றுதான் கண்டேன். வரிசையில் நின்ற சனமும் குந்திவிட்டது. அதிகாரி கத்தினார். "முதலில் தேத்தண்ணியைக் குடி மகனே, பிறகு கத்து" என்றார் மாமா. பின்னேரம் முத்திரை விழுந்தது.

இனி என்னுடைய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றுதான் குறை. எடுத்து அனுப்பு.

அக்கா ஜீவராணி

கொழும்பு, கந்தோர் நடையில் இருந்து
14.03.2025

அக்கா,

உங்கள் பிறப்புச் சான்றிதழுக்காக நாலு தரம் வந்தேன். நாலு தரமும் "ஹெட்ட என்ன, மிஸ்", நாளைக்கு வரட்டாம். இன்றைக்கு, நீங்களே நேரில் வரவேணுமாம்.

"அவ வாறதுக்குத்தானே சேர் இந்தக் கடதாசி?" என்றேன். யன்னலைச் சாத்திவிட்டார்.

நிலூபரின் புது விரிப்பையும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியையும் கோப்பைகளையும் கொண்டுதான் வந்திருந்தேன். விரித்துவிட்டேன். முகத்துவாரத்து வெள்ளையம்மாவும் மருதானைப் பர்ஸானாவும் இரண்டு மாதமாக அலைகிறார்கள். "தள்ளி இரு தங்கச்சி, மீன் பணிஸ் இருக்கு" என்று அவர்களும் குந்திவிட்டார்கள். நாங்கள் எழும்பிப் போகட்டும் என்று கந்தோர்க்காரர் காற்றாடியை நிறுத்தினார்கள். பர்ஸானா பைல் மட்டையால் சுமனுக்கு விசிறுகிறா.

இப்போது யன்னல் ஒரு விரலளவு திறந்திருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கும் ஊற்றிவிட்டு, நாலாவது கோப்பையை அதன் விளிம்பில் வைத்துச் சொன்னேன்: "ஆற முன்னம் குடியுங்கோ சேர். நாங்க இங்கதான் இருப்பம்."

விரிப்பில் தேத்தண்ணிக் கறை பிடித்துவிட்டது. நிலூபர் வந்து கேட்கட்டும், கதை சொல்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
சுபோதினி